ஒரே செயற்கூறு, இரண்டு இயக்கம்: கம்பைல் நேரக் கணிப்பில் செந்தர நூலகம் தடுக்கும் இடங்கள்

வேலூர், காட்பாடி, குடியாத்தம் பக்கத்துக் கல்லூரிகளுக்கு வரும் கணினி மாணவர்களில் பலர், சி++ மொழியைப் பதினோராம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலிலேயே பார்த்துவிட்டு வருகிறார்கள். செயற்கூறு, அணி, சுட்டு ஆகியவை அவர்களுக்குப் புதியவை அல்ல. ஆனால் நிரலின் ஒரு பகுதியை, நிரல் ஓடத் தொடங்கும் முன்பே, அதை எந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலரே கணித்து முடித்துவிட முடியும் என்பதும், அப்படிக் கணிக்கும்போது மொழியோடு சேர்ந்து வரும் செந்தர நூலகமே சில இடங்களில் தடுக்கி நிற்கும் என்பதும் பலருக்கும் புதிய செய்தி. அது ஏன் தடுக்கிறது, நூலகத்தை எழுதுவோர் அதை எப்படித் திருத்துகிறார்கள் என்பதைத் தொடக்க நிலையிலிருந்து பார்ப்போம்.

பழைய வடஆற்காடு மாவட்டத்து ஊர்களின் பின்கோடு எண்களை ஒரு நிரலில் வைக்க வேண்டியிருக்கிறது என்று கொள்வோம். வேலூருக்கு 632001, காட்பாடிக்கு 632007, ராணிப்பேட்டைக்கு 632401, குடியாத்தத்துக்கு 632602, ஆம்பூருக்கு 635802. 1972-இல் பின்கோடு முறை வந்தபோது இவ்வூர்கள் அனைத்தும் ஒரே மாவட்டத்தில் இருந்தன. 1989-இல் அந்த மாவட்டம் இரண்டானது, 2019-இல் வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாகப் பிரிந்தன. மாவட்டத்தின் பெயரை நிரலில் நிலையாக எழுதி வைத்தவர் திருத்த வேண்டியிருந்திருக்கும். பின்கோட்டை எழுதி வைத்தவருக்கு அந்த வேலை இல்லை. இப்படி, எழுதும்போதே தெரிந்ததும் நிரல் ஓடும்போது மாறாததுமான தரவுதான் கம்பைல் நேரக் கணிப்புக்குப் பொருத்தமானது.

ஓர் எண் முறையான பின்கோடா என்று பார்க்கும் சிறிய செயற்கூற்றை எழுதுகிறோம்: ஆறு இலக்கம் இருக்க வேண்டும், முதல் இலக்கம் சுழியமாக இருக்கக் கூடாது. அதன் முன்னால் ‘கான்ஸ்டெக்ஸ்பர்’ என்ற குறிச்சொல்லைச் சேர்த்து, பட்டியலில் உள்ள ஒவ்வோர் எண்ணையும் ‘ஸ்டாட்டிக் அசெர்ட்’ என்னும், நிபந்தனை பொய்யானால் கம்பைலரை நிறுத்திவிடும் கூற்றுக்குள் வைத்து அந்தச் செயற்கூற்றை அழைத்தால், கம்பைலர் அந்த இடத்திலேயே கணக்கைப் போட்டுப் பார்க்கிறது. யாரேனும் குடியாத்தத்துக்கு 63260 என்று ஓர் இலக்கம் குறைவாகத் தட்டிவிட்டால் நிரல் உருவாகவே உருவாகாது. கூரியர் கடையில் ஒருவர் பார்சலை நீட்டும் வேளையில் தெரிய வேண்டிய தவறு, எழுதியவரின் மேசையிலேயே தெரிந்துவிடுகிறது. ஒரு நுணுக்கத்தை மட்டும் மனத்தில் வைக்க வேண்டும். கான்ஸ்டெக்ஸ்பர் என்ற சொல், ‘இதைக் கம்பைல் நேரத்திலும் கணிக்கலாம்’ என்ற அனுமதியைத்தான் தருகிறது; மாறிலி தேவைப்படும் இடத்தில் அழைத்தால் கம்பைலர் கணிக்கும், மற்ற இடங்களில் அதே செயற்கூறு வழக்கம்போல நிரல் ஓடும்போது இயங்கும்.

இந்த வசதி சி++-இல் படிப்படியாக வளர்ந்தது. மொழியின் விதிகளை வகுக்கும் ஆவணத்தைத் தரம் என்பார்கள். 2011-ஆம் ஆண்டின் தரத்தில் இத்தகைய செயற்கூறு கிட்டத்தட்ட ஒரே ஒரு ‘ரிட்டர்ன்’ கூற்றாக இருக்க வேண்டியிருந்தது. 2014-இல் மடக்குகளும் மாறிகளும் அனுமதிக்கப்பட்டன. 2020-ஆம் ஆண்டின் தரம்தான் பெரிய பாய்ச்சல்: கம்பைல் நேரத்திலேயே நினைவகம் ஒதுக்கலாம், செந்தர நூலகத்தில் எழுத்துச் சரத்துக்கான ‘ஸ்டிரிங்’, நீளும் அணிக்கான ‘வெக்டர்’ ஆகியவற்றையும் அங்கே பயன்படுத்தலாம் என்றானது. நூலகத்தில் திருத்த வேண்டிய இடங்கள் பெருகியதும் அதனால்தான். இருபது, முப்பது ஆண்டுகளாகச் செயலிக்காக மட்டுமே எழுதித் தேய்த்து மெருகேற்றிய வரிகள் திடீரென்று வேறோர் இயக்குநரின் கைக்குப் போயின.

அந்த வேறோர் இயக்குநர் யார் என்பதைப் புரிந்துகொண்டால் பாதிப் பிழைகள் தாமாகவே விளங்கும். கம்பைலருக்குள் இருக்கும் கணிப்பான் எந்திர மொழிக் கட்டளைகளை இயக்குவதில்லை. நாம் எழுதிய நிரலின் பொருளைக் கூறு கூறாக வாசித்து, ஒவ்வொரு மாறிக்கும் அதன் வகை, அது உயிரோடு இருக்கும் காலம், அதன் எல்லை ஆகிய அனைத்தையும் கணக்கில் வைத்துக்கொண்டு நடக்கிறது. செயலிக்கு நினைவகம் என்பது பைட்டுகளின் நீண்ட வரிசை மட்டுமே. எந்த பைட்டை எந்த வகையாகப் படித்தாலும் அது கேள்வி கேட்காது. கணிப்பானுக்கோ அங்கே பைட்டுகளே இல்லை, பொருள்கள் மட்டுமே உண்டு. முழு எண்ணாக வைத்ததைப் பதின்ம எண்ணாகப் படிக்கச் சுட்டின் வகையை வலிந்து மாற்றினால் அது மறுத்துவிடும். உடல் எங்கோ வேறு கோப்பில், ஏற்கெனவே எந்திர மொழியாக மாறிக் கிடக்கும் செயற்கூற்றை அழைத்தால் அதற்குள் நுழைய அதற்கு வழியில்லை.

முதல் வகைப் பிழை இந்தக் கடைசிச் செய்தியிலிருந்தே பிறக்கிறது. செந்தர நூலகத்தில் ‘காப்பி’ என்ற செயற்கூறு, ஓர் அணியின் உறுப்புகளை இன்னோர் இடத்துக்கு நகலெடுக்கிறது. உறுப்புகள் எளிய எண்களாக இருந்தால் ஒவ்வொன்றாக நகர்த்துவதைவிடச் சி நூலகத்தின் ‘மெம்மூவ்’ என்னும் செயற்கூற்றிடம் மொத்தமாக ஒப்படைப்பது வேகமானது. நூலக ஆசிரியர்கள் நெடுங்காலமாக அதைத்தான் செய்து வந்திருக்கிறார்கள். மெம்மூவ் பைட்டுகளை நகர்த்துவது. அதன் உடலும் கம்பைலரின் பார்வைக்கு வெளியே, பெரும்பாலும் அசெம்பிளியில் இருக்கிறது. ஆகவே நம் பின்கோடு அட்டவணையைக் கம்பைல் நேரத்தில் நகலெடுக்கச் சொன்னால், ‘கான்ஸ்டெக்ஸ்பர் அல்லாத செயற்கூற்றை அழைக்கிறாய்’ என்ற பொருளில் கம்பைலர் நின்றுவிடும்.

இதற்குத் திருத்தம் என்ன? 2020-ஆம் ஆண்டின் தரம் ‘இஸ் கான்ஸ்டன்ட் எவால்யுவேட்டட்’ என்ற ஒரு கேள்வியை நூலகத்துக்குத் தந்தது. ‘இப்போது என்னை இயக்குவது கம்பைலரா?’ என்பதே அந்தக் கேள்வி. ஆம் என்றால் சாதாரண மடக்கில் உறுப்புகளை ஒவ்வொன்றாக நகலெடுக்கும் கிளைக்குப் போகலாம். இல்லை என்றால் பழைய வேகமான வழியிலேயே போகலாம். சி++-ஐப் போன்ற இன்னொரு நிரல்மொழியான டி மொழியில் சிடிஎஃப்இ என்று முடியும் ஒரு சிறப்பு மாறி இதே வேலையைச் செய்கிறது. அம்மொழியில் தனிக் குறிச்சொல் ஏதும் தேவையில்லை. மாறிலி தேவைப்படும் இடத்தில் அழைத்தால் போதும், மூலநிரல் கைக்கெட்டும் எந்தச் செயற்கூற்றையும் கம்பைலர் இயக்கிப் பார்க்கும். எழுதுவோருக்கு இது மிக இனிமையான ஏற்பாடு, நூலகத்தைப் பேணுவோருக்குச் சுமை. கம்பைல் நேரத்தில் இயங்கும் என்று வாக்குக் கொடுக்காத செயற்கூற்றையும் யாரோ ஒருவர் கம்பைல் நேரத்தில் பயன்படுத்திக்கொண்டிருப்பார்; உள்ளே ஒரு வரியை வேகத்துக்காக மாற்றினால் அவருடைய நிரல் உடையும்.

கேள்வியைக் கேட்கும் இடத்தில் ஒரு பொறி இருக்கிறது, அதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். சி++-இல் ‘இஃப் கான்ஸ்டெக்ஸ்பர்’ என்று ஒரு நிபந்தனைக் கூற்று உண்டு; அதன் நிபந்தனையைக் கம்பைலர் எப்போதுமே கம்பைல் நேரத்தில்தான் கணிக்கும். மேற்சொன்ன கேள்வியைப் பழக்கத்தின் காரணமாக அந்தக் கூற்றுக்குள் எழுதிவிட்டால், ‘கம்பைலர்தான் இயக்குகிறதா?’ என்ற கேள்வியைக் கம்பைலரே வாசித்து ‘ஆம்’ என்று விடை சொல்லிவிடும். எப்போதும் ‘ஆம்’தான். இதனால் எந்தச் சோதனையும் தோற்காது, எந்த விடையும் தவறாகாது; மெதுவான மடக்கு மட்டும் நிரல் ஓடும் நேரத்துக்கும் வந்து குடியேறிவிடும், வேகம் போனதைக்கூட யாரும் கவனிக்காமல் நாள்கள் கழியும். ஜிசிசி, கிளாங் ஆகிய சி++ கம்பைலர்கள் இரண்டும் இப்போது இதை எச்சரிக்கின்றன. 2023-ஆம் ஆண்டின் தரம் ‘இஃப் கான்ஸ்டெவல்’ என்ற தனிக் கூற்றையே தந்திருப்பதால், புதிதாகத் தொடங்குவோர் முதலிலிருந்தே அதைப் பழகிக்கொள்வது நல்லது.

இரண்டாம் வகைப் பிழை சரங்களைச் சேமிக்கும் முறையில் இருக்கிறது. நம் அட்டவணையில் ஊர்ப் பெயர்களையும் சேர்ப்போம். ஜிசிசியோடு வரும் நூலகத்தில், 64 பிட் கணினியில், பதினைந்து பைட்டு வரையுள்ள சரம் ஸ்டிரிங் பொருளுக்குள்ளேயே ஒரு சிறு இடத்தில் அடங்கிவிடும். அதைத் தாண்டினால் தனியாக நினைவகம் ஒதுக்கப்படும். எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில், தமிழின் ஒவ்வொரு குறியீட்டுப் புள்ளிக்கும் (எழுத்துக்கோ உயிர்க்குறிக்கோ புள்ளிக்கோ தரப்படும் தனி எண்) மூன்று பைட்டு செலவாகிறது. ‘ஆரணி’ என்ற பெயரில் ஆ, ர, ண, இகரக் குறி என நான்கு புள்ளிகள், ஆகவே பன்னிரண்டு பைட்டு, உள்ளேயே அடங்கும். ‘வேலூர்’ என்ற பெயரில் ஆறு புள்ளிகள், பதினெட்டு பைட்டு. வெளியே போக வேண்டும். ஆங்கில எழுத்தில் வேலூர் ஏழே பைட்டு என்பதால், ஆங்கிலப் பெயர்களை மட்டும் வைத்துச் சோதிப்பவர் இரண்டாவது வழியைத் தொடாமலேயே ‘எல்லாம் சரி’ என்று எழுதிவிட வாய்ப்புண்டு. தமிழ்த் தரவோடு வேலை செய்வோர் எழுதும் சோதனை, இந்த ஒரு காரணத்தாலேயே நூலகத்துக்கு மிகுந்த பயன் தரக்கூடியது.

அந்தச் சிறு இடம் ஒரு யூனியனின், அதாவது பல உறுப்புகள் ஒரே நினைவிடத்தைப் பகிர்ந்துகொள்ளும் அமைப்பின், உறுப்பு. யூனியனில் ஒரு நேரத்தில் ஓர் உறுப்புக்குத்தான் உயிர் உண்டு. செயலி இதைப் பொருட்படுத்தாது. பைட்டை எழுதினால் எழுதிக்கொண்டு போகும். கணிப்பானோ, ‘இந்த உறுப்பின் வாழ்நாள் இன்னும் தொடங்கவில்லை, இதில் எப்படி எழுதுகிறாய்?’ என்று மறுக்கும். ஆகவே கம்பைல் நேரக் கிளையில் அந்தச் சிறு இடத்தை முதலில் சுழியங்களால் நிரப்பி அதன் வாழ்நாளைத் தொடங்கிவைத்துவிட்டுப் பிறகுதான் எழுத வேண்டும். ஸ்டிரிங்கை உருவாக்கும் ஒவ்வொரு வழியிலும், நகலெடுக்கும், இடம்பெயர்க்கும், இரண்டு ஸ்டிரிங்குகளுக்குள் மாற்றிக்கொள்ளும் ஒவ்வொரு செயற்கூற்றிலும் இந்த ஒரு வரி தேவை. ஒன்றில் விட்டுப்போனாலும் அந்த ஒன்று மட்டும் உடைந்து நிற்கும். இத்தகைய திருத்தங்களில் கடினம் அறிவில் இல்லை, விடாமல் தேடுவதில் இருக்கிறது.

இதே இடத்தில் தொடக்கநிலையாளர் பிழை என்று கருதிவிடும் வேறொன்றும் நிகழ்கிறது. கோப்பு மட்டத்தில், கான்ஸ்டெக்ஸ்பர் மாறியாக, ‘ஆரணி’ என்ற ஸ்டிரிங்கை அறிவித்தால் ஜிசிசி ஏற்றுக்கொள்ளும்; ‘வேலூர்’ என்று அறிவித்தால் மறுக்கும். நூலகத்தைக் குறை சொல்லத் தோன்றும். ஆனால் கம்பைல் நேரத்தில் ஒதுக்கிய நினைவகத்தை அதே கணிப்பு முடிவதற்குள் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பது 2020 தரத்தின் விதி. பதினெட்டு பைட்டுக்காக ஒதுக்கியதை மாறி தன்னிடமே வைத்துக்கொள்வதால் அந்த விதி மீறப்படுகிறது. நூலகத்தில் பிழை, தரத்தின் வரம்பு, கம்பைலரில் பிழை ஆகிய மூன்றும் திரையில் ஒரே மாதிரிச் சிவப்பு வரிகளாகத்தான் தெரியும். திருத்தத் தொடங்கும் முன் இது எந்த வகை என்று பிரித்தறிவதற்கு எடுத்துக்கொள்ளும் நேரம் ஒருபோதும் வீணாவதில்லை.

மூன்றாவது, சுட்டுகளை ஒப்பிடுவது. ஒரு ஸ்டிரிங்கின் நடுவே சில எழுத்துகளை மாற்றி வைக்கும்போது, புதிதாக வரும் எழுத்துகள் அதே ஸ்டிரிங்கின் உள்ளிருந்தே வருகின்றனவா என்று நூலகம் பார்த்தாக வேண்டும். பார்க்காவிட்டால், எழுதிக்கொண்டிருக்கும்போதே மூலத்தை அழித்துவிடும். செயலியில் இது எளிது, முகவரிகள் வெறும் எண்கள். எது பெரியது, எது சிறியது என்று ஒப்பிட்டால் போதும். கணிப்பானுக்கு, தொடர்பில்லாத இரண்டு பொருள்களில் எது முன்னால், எது பின்னால் என்பதற்கு விடையே கிடையாது, ஏனெனில் அவை இன்னும் நினைவகத்தில் இடம் பெறவே இல்லை. இங்கே ஒரு நல்ல திருத்தம், கேள்வியையே தவிர்ப்பது: கம்பைல் நேரத்தில் புதிய நினைவகம் ஒன்றை ஒதுக்கி, முன்பகுதி, புதிய எழுத்துகள், பின்பகுதி என வரிசையாக அதில் நகலெடுத்துவிட்டால், மூலம் எங்கிருந்து வந்தது என்று அறிய வேண்டிய தேவையே எழாது. மெதுவானதுதான், ஆனால் கம்பைல் நேரத்தில் சரியாக இருப்பதே முதல் தேவை.

இவ்வளவையும் படித்தவர், கம்பைலர் எங்கே மறுத்தாலும் உடனே ஒரு தனிக் கிளையை எழுதிவிடலாம் என்று நினைத்துவிடக் கூடாது. என்னுடைய உறுதியான கருத்து, தனிக் கிளை கடைசி மருந்தாகத்தான் இருக்க வேண்டும் என்பது. சி++ மொழியின் அடிப்படை விதிகளின்படி வரையறுக்கப்படாத நடத்தை, அதாவது விளைவு இன்னது என்று தரம் சொல்லாத செயல், எதுவும் மாறிலிக் கணிப்பில் நுழையக் கூடாது. ஆகவே கணிப்பான் மறுக்கும்போது, பல நேரம் அது உண்மையான ஒரு பிழையைச் சுட்டிக்காட்டிக்கொண்டிருக்கும். நம் அட்டவணையில் விரைவாகத் தேடுவதற்காகப் பின்கோட்டை 5003-ஆல் பெருக்கி, அட்டவணையின் அளவால் வகுத்து, மீதியை இட எண்ணாகக் கொள்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். 632602-ஐ 5003-ஆல் பெருக்கினால் 3164907806. குறியுள்ள 32 பிட் முழு எண்ணில் அடங்கும் பெரிய எண் 2147483647 மட்டுமே. நிரல் ஓடும்போது இந்தப் பெருக்கல் சத்தமில்லாமல் பெரும்பாலும் -1130059490 என்று மாறிவிடும்; அதன் மீதியும் எதிர்மறையாக வந்து, அணிக்கு வெளியே போய்ப் படிக்கும். கம்பைல் நேரத்தில் அதே வரி மறுக்கப்படுகிறது. இங்கே வேண்டியது 64 பிட் எண் அல்லது குறியில்லா எண். கம்பைலருக்காக ஒரு தனிக் கிளையை எழுதினால், உண்மையான நோய் நிரல் ஓடும் பக்கத்தில் அப்படியே தங்கிவிடும்.

மறுப்பு ஏதும் வராமல், இரண்டு இயக்கங்களும் வெவ்வேறு விடை தருவது எல்லாவற்றிலும் கொடியது. பதின்ம எண் கணக்கில் இது நேரலாம். ஜிசிசி, மாறிலிகளின் மீதான சைன் போன்ற கணிதச் செயற்கூறுகளை எம்பிஎஃப்ஆர் என்ற நூலகத்தைக் கொண்டு துல்லியமாக முழுமைப்படுத்திக் கணிக்கிறது. நிரல் ஓடும்போது அதே வேலையைச் செய்யும் கணித நூலகம் கடைசி பிட்டில் வேறுபடலாம். டி மொழியின் விதிகளும் கம்பைல் நேரத்தில் கூடுதல் துல்லியத்தோடு கணிக்க இடம் தருகின்றன. இரண்டு விடைகளையும் அப்படியே சமம் என்று ஒப்பிடும் சோதனை இங்கே நம்மை ஏமாற்றும் என்பதை மட்டும் நினைவில் கொள்ளலாம்.

வரம்புகளைப் பற்றிச் சுருக்கமாக. ஜிசிசி இயல்பாக ஒரு மடக்கை 262144 சுற்றுகள் வரையே கம்பைல் நேரத்தில் ஓடவிடும், ஒன்றுக்குள் ஒன்றாக 512 அழைப்புகள் வரையே போகும். கிளாங் மொத்தம் 1048576 படிகளில் நிறுத்திக்கொள்ளும். 100000 முதல் 999999 வரை எல்லா எண்களையும் ஒரே மடக்கில் சரிபார்க்கப் போனால் ஒன்பது லட்சம் சுற்றுகள், ஜிசிசியின் வரம்பைத் தாண்டிவிடும். கட்டளை வரியில் வரம்பை உயர்த்திக்கொள்ளலாம், இது பிழை அன்று. நூலகத்தின் கம்பைல் நேரக் கிளை தேவைக்கு மீறிப் பல மடங்கு சுற்றிக்கொண்டிருந்தால் மட்டுமே அதைத் திருத்த வேண்டிய குறை எனலாம்.

திருத்தும் முறை என்று பார்த்தால், முதல் வேலை பிழையைச் சுருக்குவது. அட்டவணை முழுவதையும் விட்டுவிட்டு, ஒரு ஸ்டிரிங், ஓர் அழைப்பு, ஒரு ஸ்டாட்டிக் அசெர்ட் என்ற அளவுக்குக் குறைக்க வேண்டும். பிழைச் செய்தி நீளமாக இருக்கும். நாம் எழுதிய வரியில் தொடங்கி நூலகத்தின் உள்ளுக்குள் அழைப்பு மேல் அழைப்பாகப் போய்க்கொண்டே இருக்கும். மலைக்க வேண்டியதில்லை. அந்தச் சங்கிலியில் மிக உள்ளே இருக்கும் செயற்கூறு எது, அங்கே சொல்லப்படும் காரணம் என்ன என்பதை மட்டும் முதலில் தேட வேண்டும். ‘கான்ஸ்டெக்ஸ்பர் அல்லாத செயற்கூறு’ என்றால் முதல் வகை. ‘வாழ்நாளுக்கு வெளியே’ அல்லது ‘செயலில் இல்லாத யூனியன் உறுப்பு’ என்றால் இரண்டாம் வகை. சுட்டுகளின் ஒப்பீடு என்றால் மூன்றாம் வகை. ஒரே கம்பைலரோடு நிறுத்தாமல் கிளாங்கிலும் ஜிசிசியிலும் ஓட்டிப் பார்த்தால், இரண்டின் செய்திகளில் ஒன்று தெளிவாகப் பேசும்.

அடுத்தது சோதனை. கிளாங்கோடு வரும் நூலகத்தின் சோதனைகளில் ஓர் அழகான வழக்கம் இருக்கிறது. எல்லாச் சரிபார்ப்புகளையும் ஒரே கான்ஸ்டெக்ஸ்பர் செயற்கூற்றுக்குள் எழுதி, கடைசியில் ‘உண்மை’ என்று திருப்பித் தரச் செய்கிறார்கள். பிறகு அதே செயற்கூற்றை ஒருமுறை சாதாரணமாக அழைக்கிறார்கள், இன்னொரு முறை ஸ்டாட்டிக் அசெர்ட்டுக்குள் வைத்து அழைக்கிறார்கள். இரண்டே வரிகள், ஆனால் ஒரே கேள்விகளுக்கு இரண்டு இயக்குநர்களும் விடை சொல்லியாக வேண்டும். தனிக் கிளை எழுதிய எவரும் இந்தச் சோதனை இல்லாமல் திருத்தத்தை அனுப்பக் கூடாது என்பேன், ஏனென்றால் கிளை பிரிந்த அந்தக் கணத்திலிருந்து ஒரே பெயரில் இரண்டு செயற்கூறுகள் வாழ்கின்றன, ஒன்றைத் திருத்துபவர் மற்றொன்றை மறந்துவிடுவது மிக எளிது. சோதனையில் வெற்றுச் சரம் ஒன்று, பதினைந்து பைட்டுக்குள் அடங்கும் ‘ஆரணி’, அடங்காத ‘வேலூர்’, தன்னையே தன்னுள் செருகும் ஒரு சரம் ஆகிய நான்கும் இருந்தால், மேலே பார்த்த பிழைகளில் பெரும்பாலானவை வெளியே வந்துவிடும்.

எழுதிய கிளையின் மேல் காரணத்தையும் ஒரு வரியில் குறித்து வைக்க வேண்டும்: எந்தக் கம்பைலர், எந்தத் தர ஆண்டு, எது அனுமதிக்கப்படாததால் இந்த வழி. 2026-க்கான தரத்தில், ஒதுக்கிய இடத்திலேயே பொருளை உருவாக்கும் ‘பிளேஸ்மென்ட் நியூ’ கம்பைல் நேரத்திலும் அனுமதிக்கப்படுகிறது. வகை குறிப்பிடாத வாய்ட் சுட்டிலிருந்து பழைய வகைக்குத் திரும்புவதும் அனுமதிக்கப்படுகிறது. இந்த இரண்டும் இல்லாத காலத்தில் சுற்றி வளைத்து எழுதிய கிளைகள் நூலகங்களில் பல உள்ளன. அவற்றில் எவற்றை இனி எடுத்துவிடலாம், எவை இன்னும் இருந்தாக வேண்டும் என்பதை அடுத்து வருபவர் தீர்மானிக்க, அந்த ஒரு வரிக் குறிப்பைத் தவிர அவருக்கு வேறு துணை இருக்காது.